குன்னத்தூர் போகாத சைக்கிள்

திருப்பூருக்கு வந்தபோது என் கணவர் வீடு தேடினார், நான் ரோடு தேடினேன். அவருக்கு ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. எனக்கும் சீக்கிரமே ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இடம் அமைந்தது. முதலிபாளையத்துப் பக்கம் ஒரு மாடி வீடு பார்க்கப் போனோம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று அவர் வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, "இங்க காலையில சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு எதுங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். "பஸ்ஸு நல்லா வருமுங்க," என்றார்.

தூத்துக்குடியில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து ஓட்டுவோம். உப்பளத்து ரோட்டில், வெயில் ஏறுவதற்கு முன், பேசிக்கொண்டே போய் பேசிக்கொண்டே திரும்புவோம். ஒருத்தி வரவில்லையென்றால் மற்ற மூன்று பேரும் அவள் வீட்டு வாசலில் நின்று மணியடிப்போம். அவள் மாமியாரிடம் நாங்கள் ஏச்சு வாங்கியதுகூட உண்டு. அப்படிப் பழகிவிட்டதால், பேச்சுத்துணை இல்லாமல் எனக்குச் சைக்கிள் ஓடாது. ரோடு தேடினேன் என்று சொன்னேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. நான் தேடியது கூட வர ஓர் ஆளை. அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால் சைக்கிளைத் துணி காயப்போடும் ஸ்டாண்டாக்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

ஆள் கிடைக்கும்வரை தனியாகத்தான் சுற்றினேன். பெரிய ரோடுகள் ஆகாது. காலையிலேயே கம்பெனி வேன்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு பறக்கும், பின்னாலேயே தண்ணீர் லாரிகள் வரும். சரி, போனில் மேப்பைப் பார்த்துச் சின்ன ரோடுகளைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், மேப் காட்டிய ரோடு ஒரு தோட்டத்துப் படலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாய்கள் ஓடிவந்தன. பின்னாலேயே வந்த பெரியவர், "எங்கீங்க போகோணும்? இது ரோடு இல்லீங்க, எங்க தோட்டத்துத் தடமுங்க," என்றார். நாய்களையும் "சும்மா இருங்க சாமி" என்றுதான் அதட்டினார். இந்த ஊரில் நாய்க்கும் மரியாதை உண்டு.

காற்றும் என்னை ஒரு நாள் நன்றாக ஏமாற்றியது. வைகாசி பிறந்த சமயம். கிழக்கே காங்கயம் பக்கம் சைக்கிளை விட்டேன். என்ன வேகம்! மிதிக்கவே வேண்டாம், அதுவாகப் போகிறது. நாற்பது வயதில் எனக்கு இவ்வளவு கால்பலமா என்று பூரித்துப்போய் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். திரும்பினதும்தான் தெரிந்தது, பலமெல்லாம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுடையது என்று. முகத்தில் கை வைத்துத் தள்ளுகிற காற்று. பாதித் தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். ஆபீசுக்கு அரை நாள் லீவு.

அதன் பிறகுதான் ஊரிலிருந்த சைக்கிள் கிளப்பைத் தேடிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரும்பாலும் நிட்டிங், பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் முதலாளிகள். ஆளைவிட விலை கூடிய சைக்கிள்கள். நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கெட்ட காலம், அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். போன முதல் நாளே எனக்குத் துணையாக ஒருவரைப் பின்னால் விட்டார்கள். நான் மெதுவாக மிதித்தால் அவரும் மெதுவாக, வேகமாக மிதித்தால் அவரும் வேகமாக. "மெதுவா வாங்க மேடம், நாங்க இருக்கறமுங்க, பயப்படாதீங்க." எனக்கு என்ன பயம்? தூத்துக்குடியில் நான்தான் முன்னால் போவேன். டீக்கடையில் நின்றதும் என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், ஒன்றல்ல, பல. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இரண்டு மூன்று வாரம் பொறுத்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவேண்டும் என்று ஒரு நல்ல காரணம் சொல்லி விலகிக்கொண்டேன். சொன்ன காரணம் பொய்யில்லைதான், ஆனால் அதுவரை பல ஞாயிறு ஆராதனைக்கு நான் போனதில்லை என்பது போதகருக்குத் தெரியும்.

பிறகு எனக்கு அக்காவாகிவிட்டவரைச் சந்தித்தது ஒரு இட்டேரியில். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற அகலத்துக்கு மண்பாதை. அதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மேட்டில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளோடு நின்றிருந்தார். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர் இருக்கும். நான் பக்கத்தில் போனதும், நெடுநாள் தெரிந்தவரைப் போலக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இந்தக் கியரு எதுக்குங்க? அமுக்குனா கடகடன்னு சத்தம் போடுதுங்க."

சைக்கிள் அவர் பையனுடையது. அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். சும்மா நிற்கிறதே என்று எடுத்தாராம். வீட்டுக்குப் பக்கத்திலேயே அவர் கணவர் பனியனுக்குக் காலர் பின்னும் யூனிட் வைத்திருந்தார். யூனிட் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அவருக்குக் கிடைக்கும். மேட்டில் கியரை எப்படி மாற்றுவது என்று காட்டினேன். இரண்டு முறை தப்பாக மாற்றிவிட்டு மூன்றாம் முறை மேலே ஏறிப்போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

"நாளைக்கு வெடியால வருவீங்களா?" என்று கேட்டார். விடியல் என்று புரிந்துகொண்டேன். "வாரேன்க்கா" என்றேன்.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாலு நாள் சேர்ந்தே ஓட்டினோம். காற்றுக் காலத்தில் முதலில் மேற்கே போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வருவது என்று நாங்களாகவே ஒரு வழி கண்டோம். ஊத்துக்குளி ரோட்டுக்குப் போகாமலே ஊத்துக்குளி பக்கம் போகிற ஒரு தடத்தையும் கண்டுபிடித்தோம். அதில் ஒரு இடத்தில் மயில்கள் வழிவிடாமல் நிற்கும். அக்கா அவற்றிடமும் "நவுருங்க" என்பார். நான் பேசுவது அவருக்குப் பாதி புரியாது. மெதுவாக என்ற அர்த்தத்தில் நான் "பைய போங்க" என்றால் எந்தப் பையை என்று கேட்பார். அதிகம் என்பதை அவர் "எச்சா" என்றால் எனக்கு முழிப்பு. இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அர்த்தம் தெரியாத வார்த்தையெல்லாம் எங்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

ஒரு நாள் வடக்கே பிரியும் ரோட்டில் அக்கா சைக்கிளை நிறுத்தினார். "இப்படியே போனா எம்பொண்ணு ஊடுங்க," என்றார். மகளும் மாப்பிள்ளையும் குன்னத்தூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மா சைக்கிள் ஓட்டுகிறாள் என்று கேட்ட நாளிலிருந்து மகள் போனில் கேலி செய்துகொண்டிருந்தாளாம். "'இங்க வரைக்கும் ஓட்டீட்டு வா, அப்ப ஒத்துக்கறேன்'ங்கறாளுங்க. அவுங்க அப்பா, 'காரு நிக்குதுல்ல, உனக்கு எதுக்கு இந்த வேலை'ங்கறாருங்க. நான் போகோணுங்க. அவ வாசல்ல போய் எறங்கோணும். அவ பார்க்கோணும்."

அடுத்த மாதம் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. இருவரும் வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அதற்குள் போகவேண்டும். தூரத்தைப் பற்றி அக்காவுக்குப் பயமில்லை. செங்கப்பள்ளிப் பக்கம் நாலு வழிச்சாலையைத் தாண்ட வேண்டுமே, அதுதான் பயம். காரில் போகும்போதே அங்கே கண்ணை மூடிக்கொள்வாராம். "அந்த ரோட்ட மட்டும் கூட வந்து தாண்டி உட்டீங்கன்னாப் போதுமுங்க அம்மிணி."

"அது மட்டும் எதுக்கு? ஒங்க மக வாசல் வரைக்கும் வாரேன்க்கா," என்றேன். அவர் என் கையைப் பிடித்து அமுக்கினார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எவரும் என் கையைப் பிடித்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைச் சொன்னேன், அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே ம் என்றார்.

நாள் குறித்தது ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வீட்டுக் கேட்டில் நின்று. ஞாயிற்றுக்கிழமை யூனிட் லீவு, அவர் கணவரும் வெளியே போகிறாராம். கேள்வி கேட்க ஆள் இருக்காது. "ஞாயித்துக்கெழம பொழுதோட வந்துருங்க அம்மிணி, போயிரலாம்," என்றார் அக்கா. எங்கள் பக்கத்தில் பொழுதோட கிளம்பு என்றால் நேரத்தோடு கிளம்பு, வெயில் ஏறவிடாதே என்று அர்த்தம். வழக்கமான வெடியாலையைவிட இன்னும் முந்தி என்று நான் எடுத்துக்கொண்டேன். தூரம் அதிகம், அக்கா விவரமாகத்தான் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன். "சரிக்கா, பொழுதோட வந்துருதேன்" என்று அவர் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது ஒரு மணி, இரண்டு மணி என்று எண்ணில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்றுவரை அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுப்பதற்கு முன்பே அவர் வீட்டு வாசலில் நின்றேன். டயருக்குக் காற்று அடித்து, இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து, அக்காவுக்கென்று ஒரு பழைய ஹெல்மெட்டையும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். கேட் பூட்டிக் கிடந்தது. கார் இல்லை. வீட்டில் விளக்கு இல்லை. மணியடித்துப் பார்த்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பொழுது விடிந்து, பால்காரர் வந்து, "அவுங்க எல்லாரும் கார்ல போயிட்டாங்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அக்காவுக்குக் கடைசி நிமிடத்தில் பயம் வந்துவிட்டது. கணவரோடு காரில் ஏறிக் குன்னத்தூர் போய்விட்டார். சரி, பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல்லக் கூடாதா? ஆராதனையை விட்டுவிட்டு இங்கே வந்து நாயோடு நாயாக நிற்கிறேனே, நான் என்ன இளித்தவாயா? இந்த ஊர்க்காரர்களின் ங்கவும் சாமியும் கண்ணுவும் எல்லாம் வாயளவுதான் என்று அந்த வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரே ஒரு பெண்ணை வைத்து ஒரு ஊரையே கழுவி ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. அக்கா. மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்போது சாக்குச் சொல்லக் கூப்பிடுகிறார், சொல்லட்டும் நாளைக்கு. நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அடித்தது. "எடுத்துத்தான் பேசேன்," என்றார் என் கணவர். "ஒங்க சோலியப் பாருங்க," என்றேன். இருட்டுகிற சமயம் இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது.

மறுநாளிலிருந்து அந்த வாசல் வழியாகப் போவதை விட்டேன். ஆசைப்பட்டு ரோடு தேடியவள், ஒரு வாசலைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுவழி தேடினேன். ஒரு நாள் மளிகைக் கடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். அக்கா அருகில் வந்து தணிந்த குரலில், "பரவாலீங்க அம்மிணி. உங்களுக்கு அன்னைக்கு என்ன வேலையோ," என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். வராதது அவர், வேலை எனக்கா? "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்தேன். அவர் என் பின்னால் ஏதோ சொன்னார். நான் நிற்கவில்லை. நின்று ஒரு வாய் சண்டை போட்டிருந்தாலாவது உண்மை வெளியே வந்திருக்கும். எங்கள் ஊராக இருந்தால் அந்தக் கடை வாசலிலேயே ஏக வசனத்தில் கேட்டிருப்பார்கள், நானும் கேட்டிருப்பேன். அவர் குற்றம் சொல்லத் தெரியாதவர், நான் கோபத்தில் வாய் திறக்காதவள்.

ஆடி கழிந்து ஆவணியில் ஆபீசில் ஒரு சேம்பிள் அவசரமாகப் போகவேண்டியிருந்தது. ஆபீசில் எல்லோரும் மார்னிங், ஈவினிங், ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றுதான் நேரம் சொல்வார்கள். பிசிறு வெட்டும் வேலைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருந்தார். குண்டடத்துக்காரர், தோட்டங்காட்டு வேலை செய்துகொண்டிருந்தவர். பீஸ் எப்போது முடியும் என்று முதல் நாள் கேட்டதற்கு, "நாளைக்குப் பொழுதோட குடுத்தர்றனுங்க," என்றார். நான் கூரியர்காரரைக் காலையிலேயே வரச்சொல்லிவிட்டேன். அவர் வந்து நிற்கிறார், பீஸ் பாதிகூட முடியவில்லை. கத்திவிட்டேன். "பொழுதோடன்னு நீங்கதான சொன்னிய? பொழுது உச்சிக்கு வரப்போவுது!"

அந்த அம்மா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டுபோய்ப் பார்த்தார். "பொழுதோடதானுங்களே சொன்னேன். பொழுதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் கெடக்குது."

கட்டிங் மாஸ்டர் சிரித்துவிட்டார். "மேடம், எங்கூர்ல பொழுதோடன்னா சாயங்காலமுங்க. பொழுது எறங்கற நேரம்."

கூரியர்காரர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து அடித்த போன்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

அன்று ஆபீஸ் விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும், "வாங்க அம்மிணி, வாங்க," என்று ஒன்றுமே நடக்காததுபோல நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். விடியலில் வந்து நின்றது, பூட்டிய கேட், போனை எடுக்காதது, இன்றைக்குக் கட்டிங் மாஸ்டர் சொன்னது எல்லாவற்றையும். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "ஐயோ அம்மிணி, காத்தால காங்கயத்துல கல்யாணமுங்க எங்களுக்கு! முகூர்த்தம் அஞ்சு மணிக்கு! போன பையில போட்டது, சாயங்காலந்தான் பார்த்தேன், கெளம்பறதப் பத்திக் கேக்கக் கூப்புட்டிருப்பீங்கன்னு நெனச்சுட்டனுங்க. பொழுதோடன்னா உங்கூர்ல காத்தாலயா?" கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

சிரிப்பு அடங்கியதும் அவராகவே சொன்னார். கல்யாணத்திலிருந்து வேறு காரில் தனியாகச் சீக்கிரம் திரும்பியிருக்கிறார். மகளுக்குப் பிடிக்குமே என்று ஒப்புட்டு, நாம் போளி என்பது, சுட்டு, டப்பாவில் அடைத்து, கேரியரில் கட்டிவைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருக்கிறார். தனியாகப் போய்விடலாம் என்று இட்டேரி முனை வரைக்கும் போனாராம். அந்த நாலு வழிச்சாலையை நினைத்ததும் கால் வரவில்லை, திரும்பிவிட்டார்.

"எம்பொண்ணு அன்னைக்கு வாசல்லயே நின்னுட்டு இருந்தாளாமுங்க. எங்கம்மா சைக்கிள்ல வருதுன்னு வீதி பூரா சொல்லிப்போட்டாளாம். பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் வெளிய வந்து நின்னாங்களாம். இருட்டுன பொறகு போன் பண்ணி, 'போ மா, நீ சும்மா சொன்னே'ன்னு வெச்சுட்டா." அக்கா இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "அப்பறம் அவுங்க ஊட்டக் காலி பண்ணிக் கெளம்பற வேலைங்க. நாங்க கார்லதான் போயி வழியனுப்பிச்சுட்டு வந்தோம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் "அட, உடுங்க" என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால் அவசரமாக வேறொன்றைச் சொன்னேன். "அக்கா, வார ஞாயித்துக்கெழம போவமா? சாயங்காலம் நாலு மணி. குன்னத்தூர் வரைக்கும். நான் கூட வாரேன்."

"போலாங்க," என்றார் அக்கா உடனே. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"யாரு ஊட்டுக்குங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.